கோயில் தண்ணித் தொட்டிக்கு எஸ்டிகே

குழு: சாட்ஸ்வொர்த் சொந்தங்கள்

குகன் (8:04): செல்வியக்கா, கோயில் மடப்பள்ளித் தொட்டியில தண்ணி எவ்வளவுன்னு அளந்து நெட்ல அனுப்ப ராஸ்பெரி பை 4 (சின்ன கம்ப்யூட்டர் போர்டு) மாட்டியாச்சு. அளவை அமேசானோட ஏடபிள்யூஎஸ் ஐஓடி சேவைக்கு அனுப்புற எஸ்டிகே (நிரல் தொகுப்பு) போடப் போனா "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்"னு எர்ரர் வந்து நின்னுடுது. ஓஎஸ் புக்வார்ம் பதிப்பு, 64 பிட்.

செல்வி அக்கா (8:09): கோளாறு எஸ்டிகேல இல்லை தம்பி. புக்வார்ம்லேர்ந்து சிஸ்டம் பைத்தான்ல கை வைக்க பிப்பை (பைத்தான் பேக்கேஜ் போடுற கருவி) விடமாட்டாங்க. "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்"னு சேர்த்தா மீறிடலாம், ஆனா வேண்டாம். நாளைக்கு ஓஎஸ் அப்டேட்ல எது உடைஞ்சதுன்னே தெரியாது. ஹோம் ஃபோல்டர்ல ஒரு வென்வ் (சிஸ்டத்தைத் தொடாத தனி பைத்தான் இடம்) உருவாக்கு, ஆக்டிவேட் பண்ணு, அதுக்குள்ள பிப் ஓட்டு.

செல்வி அக்கா (8:10): பேக்கேஜ் பேரு ஏடபிள்யூஎஸ்-ஐஓடி-எஸ்டிகே, எல்லாம் சின்ன எழுத்து, கோடு இடைவெளி எதுவும் இல்லாம ஒட்டி அடிக்கணும். நடுவுல "பைத்தான்"னு வர்ற பழைய பேக்கேஜ் ஒண்ணு இருக்கு, அது வெர்ஷன் 1. அதை எடுத்துடாதே. நிரல்ல இம்போர்ட் பண்றப்போ கடைசி "எஸ்டிகே" வராது.

சுந்தரம் மாமா (8:15): 64 பிட் போட்டது நல்லதாப் போச்சு. பழைய 32 பிட் ஓஎஸ் போட்ட மெமரி கார்டா இருந்தா, தயாரா பில்ட் பண்ணின பேக்கேஜ் கிடைக்காம பை தானே கம்பைல் பண்ண ஆரம்பிச்சிடலாம். அதுக்கு வேணுங்கிற சிமேக் கருவி இல்லைன்னு நிக்கும். சிமேக் இருந்தாலும் 1 ஜிபி மெமரில திணறும்.

குகன் (8:31): இன்ஸ்டால் ஆயிடுச்சு. சாம்பிள் ஓடுது, மெசேஜ் போகுது. ஆனா டாபிக் (மெசேஜ் போற முகவரி) பேரை கோயில்/தொட்டி1னு மாத்தின உடனே கனெக்ஷன் அறுந்துடுது. பாஸ்வேர்டு எர்ரர் மாதிரி எதுவும் வரலை. சர்டிஃபிகேட், கீ கோப்பு எல்லாத்தையும் இங்க போடட்டுமா?

செல்வி அக்கா (8:32): போடாதே! பிரைவேட் கீயை எந்தக் குழுவுலயும் போடக் கூடாது. ஏடபிள்யூஎஸ் கண்ணுக்கு அதை வச்சிருக்கிறவங்கதான் அந்தத் தொட்டி.

செல்வி அக்கா (8:36): கனெக்ஷன் அறுந்ததுக்குக் காரணம் பாலிசி, அதாவது சாதனம் என்ன செய்யலாம்ங்கிற அனுமதிப் பட்டியல். கன்சோல்ல "கனெக்ட் ஒன் டிவைஸ்" வழியா எடுத்த கிட் (சர்டிஃபிகேட், கீ, சாம்பிள் சேர்ந்த கட்டு)தானே? அதோட பாலிசி, சாம்பிளோட டாபிக்கையும் கிளையன்ட் ஐடியையும் (சாதனம் சொல்லிக்கிற பேரு) மட்டும்தான் அனுமதிக்கும். அனுமதி இல்லாத டாபிக்ல பப்ளிஷ் பண்ணினா ஏடபிள்யூஎஸ் எர்ரர் சொல்லாது, கனெக்ஷனையே வெட்டிடும். பாலிசியைத் திறந்து கனெக்ட்ல உன் கிளையன்ட் ஐடி, பப்ளிஷ்ல உன் டாபிக், ரெண்டையும் எழுத்து மாறாம சேர். புது வெர்ஷனை ஆக்டிவ்னு வைக்க மறக்காதே.

குகன் (8:38): பப்ளிஷ்ல எல்லா டாபிக்கும்னு நட்சத்திரம் போட்டுடலாமா அக்கா?

செல்வி அக்கா (8:39): ஒரு நிமிஷம் சோதிச்சுப் பாக்கப் போடலாம். அப்படியே விட்டுட்டா, இந்தக் கீ ஒண்ணு போனா எல்லாத் தொட்டிக்கும் யாரும் பொய் அளவு அனுப்பலாம்.

சுந்தரம் மாமா (8:44): குகன், சென்சார் எது? ஒலி அலையால தூரம் அளக்குற ஜேஎஸ்என் அல்ட்ராசோனிக்னா எக்கோ ஒயர்ல 5 வோல்ட் வரும், பையோட பின் 3.3தான் தாங்கும். நேரா சொருகிடாதப்பா. எக்கோவுக்கும் பின்னுக்கும் நடுவுல 1 கிலோஓம் ரெசிஸ்டர், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 2 கிலோஓம். அப்போ 3.33 வரும்.

குகன் (8:47): 1, 2 போட்டிருக்கேன் மாமா. மூடியில ஓட்டை போட்டு இறக்கியிருக்கேன்.

சுந்தரம் மாமா (8:49): நிறைஞ்ச தண்ணிக்கும் சென்சாருக்கும் 25 செ.மீ. இடைவெளி விட்டியா? அதுக்குள்ள வந்தா அதுக்குக் கண்ணு தெரியாது, கன்னாபின்னான்னு எண் தரும். காலைல மூடி அடியில நீர் முத்து கோத்துக்கும், அப்பவும் தாவும். அஞ்சு தடவை அளந்து நடு எண்ணை எடு. சராசரி வேண்டாம், ஒரு தப்பு எண் மொத்தத்தையும் இழுத்துடும்.

குகன் (9:12): பாலிசி சரி பண்ணினேன், போகுது. கரண்ட் போய் வந்தா தானா எழுந்திருக்க சிஸ்டம்டி சர்வீஸ் எழுதினேன். "மாட்யூல் நாட் ஃபவுண்ட்"ங்குது.

செல்வி அக்கா (9:14): சர்வீஸுக்கு வென்வ் தெரியாது. சர்வீஸ் கோப்போட எக்ஸெக்ஸ்டார்ட் வரியில வென்வ்குள்ள இருக்கிற பைத்தானோட முழு பாதையைக் கொடு.

சுந்தரம் மாமா (9:20): லோட் ஷெடிங்னு வந்தாலே கடிகாரத்தையும் பாக்கணும். பை 4ல பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் கடைசியா சேமிச்ச நேரத்துலேர்ந்துதான் எண்ண ஆரம்பிக்கும், அப்போ டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு முறை) ஏத்துக்காது.

செல்வி அக்கா (9:23): மாமா, ரெண்டு மணி நேரம் பின்தங்கினா டிஎல்எஸ் ஏத்துக்கும். சர்வர் சர்டிஃபிகேட் கொடுத்த தேதிக்கு முன்னால கடிகாரம் நின்னாத்தான் தடுக்கும், அது மாசக்கணக்குல பெட்டியில கிடந்த கார்டுக்கு வரும். இங்க பிரச்சினை வேற: கனெக்ட் ஆயிடும், ஆனா அளவோட நேரம் பொய்யா விழும். அது இன்னும் மோசம், யாரும் கவனிக்க மாட்டாங்க.

சுந்தரம் மாமா (9:24): சரிதான்மா. சரியான நேரம் நெட்லேர்ந்துதான் வரணும், ரௌட்டர் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே பை எழுந்துடுது, அதான்.

செல்வி அக்கா (9:27): தம்பி, "சிஸ்டம்டி டைம் வெயிட் சிங்க்" சர்வீஸை எனேபிள் பண்ணு, உன் சர்வீஸ்ல ஆஃப்டர்னு "டைம் சிங்க் டார்கெட்" சேர். நேரம் சரியானப்புறம்தான் ஓடும்.

குகன் (9:58): ஓடுது. சென்சார் 61 செ.மீ. காட்டுது. ரெண்டாவது தொட்டிக்கு இதே கார்டை காப்பி எடுத்துப் போடப் போறேன்.

செல்வி அக்கா (9:59): கிளையன்ட் ஐடி மாத்தாம போட்டா, ரெண்டாவது சேரும்போது முதலாவது விழும், அது மறுபடி சேரும்போது இது விழும். ராத்திரி முழுக்க அடிச்சுக்கும். ஐடி, சர்டிஃபிகேட், கீ மூணும் தனித்தனியா இருக்கணும். கீயை உருவாக்குற அந்தத் திரையில மட்டும்தான் டவுன்லோடு பண்ண முடியும், அப்பவே எடுத்து வச்சுக்கோ.

சுந்தரம் மாமா (10:03): தொட்டி குறுக்களவு 1.8 மீட்டர்தானே? 1 செ.மீ.க்கு சுமார் 25 லிட்டர். நிறைஞ்சா 25ல நிக்கணும், நீ 61னு சொல்றே. 36 செ.மீ. இறங்கியிருக்கு, 900 லிட்டர். மடப்பள்ளில குழாய் ஏதும் திறந்திருக்கான்னு பாரு.

குகன் (10:11): பின்பக்கக் குழாய் திறந்திருந்தது மாமா. மூடிட்டேன்.