கிறிஸ்துமஸுக்கு முன்னால், பொங்கலுக்குப் பின்னால்: சென்னையிலிருந்து சிக்கனமாக நகரப் பயணம் (சென்னை நண்பர்கள் நான்கு பேரின் அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் இருப்பது பேசுபவரின் பேட்டை)

பெரம்பூர்

குளிர்காலப் பயணம் என்றதும் பலர் டிசம்பர் கடைசி வாரத்துக்குத் திட்டம் போடுகிறார்கள். அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் அந்தப் பத்து நாளில்தான் வருகின்றன. டிக்கெட்டும் அறையும் உச்ச விலையில் இருக்கும். கையைக் கடிக்காத நாள்கள் வேறு. டிசம்பர் 5 முதல் 18 வரை ஒன்று. காணும் பொங்கல் கூட்டம் ஊர் திரும்பிய பிறகு, ஏறத்தாழ ஜனவரி 20 முதல் பிப்ரவரி 10 வரை இன்னொன்று. டிசம்பரில் புயல் பயம் உண்டு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல், இரண்டுக்குமே சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாத அறையை அந்த நாள்களுக்கு எடுக்காதீர்கள். என் ஓட்டு ஜனவரிக்குத்தான்.

மார்கழியில் மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, பழனி பக்கம் மலிவாகப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். ஐயப்ப பக்தர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், லாட்ஜ் காலியாகாது.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்தான். பயண நாளை அதில் சேர்க்கக் கூடாது: ஜனவரி 20 ரயிலுக்கு நவம்பர் 21 காலை 8 மணிக்குத் திறக்கும். ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்கு இல்லாவிட்டால் முன்பதிவு திறக்கும் நேரத்தில் ஆன்லைனில் டிக்கெட் எடுக்க முடியாது, தத்கலும் கிடைக்காது. இதை முன்தினம் ராத்திரி உட்கார்ந்து சரிசெய்யப் பார்த்து ஓடிபி வராமல் தவிப்பவர்கள் நிறைய. ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். திரும்பும் ரயிலுக்குத் தனியாக ஒரு நாள் திறக்கும், அதையும் காலண்டரில் குறித்துவையுங்கள்.

தாம்பரம்

பெரம்பூர் அண்ணா சொன்ன ஜனவரிக் கணக்குக்கு ஹைதராபாத்தைப் போலப் பொருந்தும் ஊர் இல்லை. இரவு ரயிலில் படுத்தால் காலையில் இறங்கலாம், ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம். ஆனால் எங்கே இறங்குகிறோம் என்பதில்தான் காசு போகும். 2025 ஜனவரியில் திறந்த செர்லபள்ளி முனையத்தோடு சில ரயில்கள் நின்றுவிடுகின்றன. அது ஊரின் கிழக்கு ஓரம், மெட்ரோ கிடையாது. விடியற்காலையில் ஆட்டோ பிடித்தால் ஸ்லீப்பரில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். ஊருக்கு நடுவே இருக்கும் நாம்பள்ளி (ஹைதராபாத் ஸ்டேஷன்) வரை போகும் ரயிலையே பாருங்கள். ஏறும் நிலையத்தையும் டிக்கெட்டில் படித்துவிடுங்கள். எழும்பூர் வேலைகளால் தாம்பரம், கடற்கரை என்று மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

காலை 8 மணிக்கு இறங்கினால், ஆப்பில் எடுத்த அறை மதியம் 12 மணிக்குத்தான் கிடைக்கும். சீக்கிரம் வேண்டும் என்றால் கூடுதல் பணம் கேட்பார்கள். நாம்பள்ளி, ஆபிட்ஸ் பக்கத்துப் பழைய லாட்ஜ்களில் 24 மணி நேர செக்-அவுட் இன்னும் இருக்கிறது. போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். வாடகை பிறகு. காலை 8க்கு நுழைந்தால் மறுநாள் காலை 8 வரை நம்முடையது. அதன்பிறகு மூட்டையை ஸ்டேஷன் கிளாக் ரூமில் போட்டுவிட்டு மாலை ரயில் வரை சுற்றலாம். பையில் பூட்டு இல்லாவிட்டால் கிளாக் ரூமில் வாங்க மாட்டார்கள். பிஎன்ஆரும் காட்ட வேண்டும்.

நாம்பள்ளியில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம் எம்ஜிபிஎஸ் (மகாத்மா காந்தி பஸ் நிலையம்). அங்கிருந்து மூசி ஆற்றைத் தாண்டி நடந்தால் சாலார் ஜங் மியூசியம், இன்னும் கொஞ்சம் நடந்தால் மதீனா வழியாக சார்மினார். ஆட்டோவே வேண்டாம். சாலார் ஜங், சௌமஹல்லா அரண்மனை இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் வியாழன் இரவு ரயில் ஏறுவது வீண். சனி காலை இறங்குவதுபோல் வையுங்கள். முடியாதென்றால் வெள்ளியைக் கோல்கொண்டாவுக்கு ஒதுக்குங்கள். அதற்கு மெட்ரோ இல்லை, மெஹதிப்பட்டினம் போய் பஸ் மாற வேண்டும். தெலங்கானாவில் பெண்களுக்கு இலவசப் பஸ், அந்த மாநில முகவரி உள்ளவர்களுக்கு மட்டும். நம்மூர்ப் பழக்கத்தில் ஏறாமல் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 1 முதல் பிப்ரவரி 15 வரை நாம்பள்ளி மைதானத்தில் நுமாயிஷ் கண்காட்சி நடக்கும். பார்க்க வேண்டியதுதான். ஆனால் மாலை 6 மணிக்கு மேல் அந்தச் சாலையில் ஆட்டோ நகராது. அன்று ராத்திரி ரயில் என்றால் இரண்டு மணி நேரம் முன்னாலேயே கிளம்புங்கள்.

மயிலாப்பூர்

கொல்கத்தாவைப் பற்றிச் சுருக்கமாக. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஹௌரா ஸ்டேஷனுக்குப் போவதில்லை, ஷாலிமாரில் முடிகிறது. மூட்டை அதிகம், புது ஊர் என்றால் ஹௌரா மெயில்தான் வசதி. ஹௌராவில் இறங்கி ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோவில் எஸ்பிளனேட், அங்கே நீல வழித்தடம் மாறினால் அடுத்த நிறுத்தம் பார்க் ஸ்ட்ரீட். சிக்கன அறைகள் இருக்கும் சடர் ஸ்ட்ரீட், இந்திய மியூசியம் இரண்டும் அங்கிருந்து நடைதூரம். மியூசியம், விக்டோரியா மெமோரியல் காட்சிக்கூடங்கள் திங்கள்கிழமை கிடையாது.

நம்மவர்கள் கோட்டை விடுவது இருட்டில். டிசம்பரில் அங்கே மாலை 5 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். சென்னையில்போல் மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு 4 மணிக்குக் கிளம்பினால் ஒன்றையும் பார்க்க முடியாது. காலை 7 மணிக்கே வெளியே இருங்கள்.

வேளச்சேரி

டெல்லி ஜனவரியில் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே மூடுபனிதான், அதைத் தெரிந்துகொண்டு போங்கள். பனி நள்ளிரவில் இறங்கிக் காலை 10 மணி வரைகூட நிற்கும். விடியற்காலை விமானம் விலை குறைவு என்று எடுத்தால் தாமதம் உங்கள் தலையில். இங்கிருந்து 11 மணி வாக்கில் கிளம்பி மதியத்துக்கு மேல் இறங்குவது, அங்கிருந்தும் மதியம் 2 மணிக்கு மேல் ஏறுவது, இரண்டும் நல்லது. ரயில் என்றால், நீங்கள் ஏறும் நிலையத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணத்தைக் கைவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும். அந்த ரயில் கிளம்புவதற்கு முன்பே ஐஆர்சிடிசியில் டிடிஆர் (பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டிருக்க வேண்டும். கிளம்பிய பிறகு போட்டால் செல்லாது. குடியரசு தினத்தை ஒட்டிய வாரம் வேண்டாம்: செங்கோட்டையை மூடிவிடுவார்கள், அறையும் விலை ஏறும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை அந்தக் காற்று ஆகாது. அவர்களுக்கு டெல்லியை நான் சொல்லவே மாட்டேன்.

புது டெல்லி ஸ்டேஷன் பக்கத்து பஹாட்கஞ்ச் சிக்கன அறைகளில் ஹீட்டர் பெரும்பாலும் இருக்காது. அறை எடுக்கும் முன் இரண்டைப் பாருங்கள். ஆளுக்கு ஒரு ரஜாய் (கனமான பஞ்சுப் போர்வை) இருக்கிறதா? குளியலறையில் இருப்பது எத்தனை லிட்டர் கீசர்? மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் குழாயை முழுதாகத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் வரும். நூல் மாதிரி விட்டு வாளியை நிரப்ப வேண்டும். நான்கு பேர் குளிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தெர்மல் உள்ளாடை, சாக்ஸ், குல்லா மூன்றை மட்டும் இங்கிருந்து கொண்டுபோங்கள். ஜாக்கெட் சரோஜினி நகர் மார்க்கெட்டில் வாங்கலாம், வாசலிலேயே மெட்ரோ. திங்கள்கிழமை கடை இல்லை. ஜனவரி முடியும்போது சரக்கைக் கழிக்க விலையை இறக்குவார்கள்.

பெரம்பூர்

வேளச்சேரி மேடம் சொன்ன குளிர் வயதானவர்களுக்குத் தாங்காது. அப்பா அம்மாவை அழைத்துப் போவதென்றால் மைசூரு போதும். சென்ட்ரலில் சனி இரவு காவேரி எக்ஸ்பிரஸ் ஏறினால் ஞாயிறு காலை இறங்கலாம், அன்று மாலை 7 மணிக்கு அரண்மனை விளக்குகள் எரியும். மற்ற நாளில், விடுமுறை தினம் தவிர, அந்த முழு வெளிச்சம் இல்லை. விலங்குப் பூங்காவைத் திங்கள்கிழமையே முடித்துவிடுங்கள், செவ்வாய் விடுமுறை.