வளைந்த அக்சிலை நிமிர்த்துவதா, மாற்றுவதா? பட்டவர்கள் சொல்லுங்கள்

கோப்பாயிலிருந்து:

வடமராட்சி கிழக்கில் மணல் பாதைகளில் ஓடித் திரிபவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. என்னுடையது பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப் பிக்கப். நாகர்கோவில் பக்கம் மணலுக்குள் புதைந்து கிடந்த பனங்குற்றியில் பின் இடது சக்கரம் ஏறி விழுந்தது. அந்த நேரம் வண்டி ஒன்றும் காட்டவில்லை. கொஞ்ச நாள் போக, அந்த ரயர் உள்விளிம்பில் மட்டும் தேயத் தொடங்கியது. பிறேக் ட்ரம்முக்குள் கியர் ஒயிலும் கசிந்தது. முதலில் காட்டிய கராஜில் ஒயில் சீலை மாற்றினார்கள், திரும்பவும் கசிந்தது. பெயாரிங்கை மாற்றினார்கள், அதற்குப் பிறகும் அதே கதைதான். கடைசியில் "அக்சில் வளைஞ்சிட்டுது, முழுசா மாத்த வேணும்" என்றார்கள். அக்சில் என்பது வெளியே இருக்கும் இரும்புக் குழாய்க் கூடும், அதற்குள் சுற்றும் சாப்டும் சேர்ந்தது. அதில் எது வளைந்தது என்று கேட்டால் பதில் இல்லை.

அளந்து பார்க்காமல் சொல்வதை நம்பி ஒரு முழு அக்சில் வாங்க மனம் வரவில்லை. கொக்குவிலில் லொறி வேலை செய்யும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பின்பக்கத்தை ஜக்கில் ஏற்றி ஸ்டாண்டில் வைத்தார். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சாப்டின் நுனியில் சக்கரம் பூட்டும் தட்டான பிளேன்ஜின் விளிம்பில், சின்ன ஆட்டத்தையும் காட்டும் டயல் கேஜின் முள்ளை வைத்துக் கையால் மெல்லச் சுற்றினார். முள் அசையவே இல்லை.

"தம்பி, சுத்தேக்க ஆடினா சாப்ட். ஆடாம ஒரே சரிவா நிண்டா கூடு" என்றார்.

இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் முந்திய செலவு பாதியும் மிச்சம். உள்ளே இருக்கும் சாப்ட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவது. அது வளைந்தால் சக்கரமும் ஆடிக்கொண்டே சுற்றும். வெளியே இருக்கும் கூடு சுற்றாது, ஆகவே அது வளைந்தால் சக்கரம் ஆடாமல், சரிந்தபடியே சுற்றும். என் வண்டியில் குழாயின் நுனி மேல்நோக்கி மடங்கியிருந்தது, அதனால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து உள்விளிம்பு தேய்ந்தது. சாப்ட் அந்தக் கூட்டுக்குள் நடுவில் நிற்கவில்லை. எத்தனை சீல் போட்டாலும் ஒரு பக்கம் நெரிந்து மறுபக்கம் கசியத்தானே செய்யும்? பரிசோதிக்கும்போது சக்கரத்தைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் றிம் வளைந்திருந்தாலும் அதே ஆட்டம் காட்டும்.

சரி, நிமிர்த்திய விதம். நடுவில் நின்று இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்சலையும் சாப்டுகளையும் வெளியே எடுத்துக் கூட்டை வெறுமையாக்கினார். லேத்தில் கடைந்த வட்டத் தகடுகளை பெயாரிங் உட்காரும் இடங்களில் பொருத்தி, நடுத்துளைகள் வழியே நேரான இரும்புக் கம்பி ஒன்றை ஓட்டினார். ஒரு நுனியில் கம்பி துளைக்குள் போக மறுத்தது. எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பிறகு வளைவின் வெளிப்பக்கத்தில், அதாவது என் கூட்டில் கீழ்ப்பக்கத்தில், ஒரு சிறிய இடத்தை மட்டும் காஸ் ரோர்ச்சால் சிவக்கச் சூடாக்கினார். சூட்டில் விரியப் பார்க்கும் இரும்பைச் சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடாது. அது உள்ளுக்குள் அமுங்கித் தடிக்கிறது. ஆறும்போது சுருங்கி அந்தப் பக்கத்தைக் கட்டையாக்குகிறது, குழாய் தானாக நேராக வருகிறது. ஆறவிட்டு, அளந்து, அடுத்த இடம். பக்கத்தில் நின்ற பொடியன் கெதியாக ஆறட்டும் என்று தண்ணீர் வாளியைத் தூக்கியதும், தானாக ஆற வேண்டும் என்று மனுசன் ஏசினார். பெயாரிங் உட்காரும் இடத்துக்குக் கிட்ட நெருப்பைக் கொண்டுபோகவே இல்லை. கம்பி தடையில்லாமல் ஓடியதும் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு கசிவும் இல்லை, ரயர் தேய்வும் இல்லை.

மருதங்கேணியிலிருந்து:

அண்ணை சொன்னது கூட்டுக்குச் சரி. சாப்டை நிமிர்த்தித் தருகிறேன் என்று யாரும் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். மச்சானின் பிக்கப்பில் சாப்டை ஹைட்ரோலிக் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தினார்கள். கேஜில் பார்க்க நேராகத்தான் இருந்தது. ஆனால் சாப்டின் மேற்தோல் கடினமாக்கப்பட்டது. வளையும்போதே அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழலாம், திருப்பி நிமிர்த்தும்போது அது இன்னும் விரியும். சூடுகாட்டி நிமிர்த்தினால் அந்தக் கடினமே போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கு விழும் சாமான் அது, கூடு மாதிரிச் சும்மா இருப்பதில்லை.

பூநகரிப் பக்கம் போய்வரும்போது முறிந்தது. அவனுடைய நல்ல காலம், பெயாரிங்குக்கு உள்பக்கம் முறிந்ததால் இழுவை மட்டும் போனது. முன் சக்கர இழுவையைப் போட்டு மெல்ல மெல்ல வீடு வந்து சேர்ந்தான். ஹைலக்ஸ் போன்றவற்றின் பின் சாப்ட் வண்டியின் பாரத்தையும் சேர்த்துத் தாங்குவது. பெயாரிங்குக்கு வெளியே முறிந்திருந்தால் சக்கரமே தனியாக ஓடியிருக்கும். சங்குப்பிட்டிப் பாலத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாவகச்சேரியிலிருந்து:

நான் பழைய சீரீஸ் லாண்ட் றோவர்காரன். அதில் பின்பக்கம் பாரத்தைத் தாங்குவது கூடும், சக்கரம் பூட்டும் நடுப்பகுதியான ஹப்பும்தான்; சாப்டுக்கு முறுக்கு மட்டும்தான். சக்கரத்தைக் கழற்றாமலே சில போல்ட்டுகளை எடுத்துவிட்டுச் சாப்டை இழுத்தெடுக்கலாம். முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. அப்படியிருந்தும் வளைந்த சாப்டை நான் திரும்பப் போட்டதில்லை.

எங்கள் ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் உதிரிப்பாகம் வராது, பெற்றோலும் வராது. சோமசெட், கேம்பிரிட்ஜ் என்ற பழைய ஒஸ்டின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். உடைந்ததையெல்லாம் ஒட்டினோம், தேய்ந்ததையெல்லாம் லேத்தில் கடைந்தோம். அந்தக் கைவேலையில் எனக்குப் பெருமைதான். ஆனால் அன்று வேறு வழி இல்லாமல் செய்ததை இன்று கெட்டித்தனம் என்று செய்யக்கூடாது. அன்று மணிக்கு இருபது கிலோமீற்றரில், குண்டும் குழியுமான றோட்டில் போனோம். இப்போது ஏ9 வீதியில் எல்லாரும் பறக்கிறார்கள்.

மானிப்பாயிலிருந்து:

நான் மாற்றினேன். கூடு டிபரன்சல் இருக்கும் வயிற்றுப் பக்கத்திலேயே வெடித்திருந்தது, நிமிர்த்த ஒன்றும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதியது எடுப்போம் என்ற கதைக்கே அப்போது இடமில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த முழு அக்சில் எடுத்தேன்.

அங்கே போகிறவர்கள் டிபரன்சலின் பல் விகிதத்தை, அதாவது சக்கரம் ஒருதரம் சுற்ற கியர்பெட்டிப் பக்கமிருந்து வரும் புறொப்பெல்லர் சாப்ட் எத்தனை தரம் சுற்றுகிறது என்பதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். முன் டிபரன்சல் 4.1 ஆகவும் பின்னது 4.3 ஆகவும் இருந்தால் நாலு சக்கர இழுவையைப் போட்டதும் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், ஏதோ ஒன்று உடையும். சாதாரண டிபரன்சல் என்றால் கடையிலேயே பார்க்கலாம். ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள், புறொப்பெல்லர் சாப்ட் பூட்டும் பிளேன்ஜ் எத்தனை தரம் சுற்றுகிறதோ அதுதான் விகிதம். நாலும் கொஞ்சமும், நாலரைக்குக் கிட்ட என்று பிரித்தறிய அது போதும். சரியான எண்ணுக்குப் பற்களை எண்ண வேண்டும். வாங்கப்போகும் கூடும் எங்கேயோ இடிபட்டதாக இருக்கலாம், ஆகவே கோப்பாய் அண்ணை சொன்ன டயல் கேஜ், கம்பி எல்லாம் அதற்கும் பொருந்தும்.

கோப்பாயிலிருந்து, திரும்பவும்:

நிமிர்த்திய கூட்டுக்குக் கீழே பலத்துக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாமா என்று தம்பி ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். செய்யலாம். ஆனால் வெல்டிங்கும் ஆறும்போது இழுக்கும், நிமிர்த்தியதைத் திரும்ப வளைத்துவிடும். கம்பியை உள்ளே விட்டபடி, சின்னச் சின்னத் துண்டாக, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆறவிட்டு ஆறவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் நீளமாக இழுக்கும் ஆளிடம் கொடுக்க வேண்டாம். கூட்டின் மேலே இருக்கும் காற்றுப்போக்கியையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கடல்நீரேரிச் சேற்றில் ஓடிய வண்டிகளில் அது அடைத்துப்போகும், அடைத்தால் உள்ளே காற்று அழுத்தி நல்ல சீலிலும் ஒயில் தள்ளும். அதைப் பார்த்துவிட்டு அக்சில் வளைந்துவிட்டது என்று யாரும் பயப்பட வேண்டாம்.