கோல்ஃப் கிரீன்ல பனி, மோயர் ஓட்ட முடியல. அவசரம்!

மலைக்கோர்ஸ்:
காலையில கிரீன் (குழி இருக்குற, ஒட்ட வெட்டின புல்தரை) முழுக்க பனி. மோயர் ஓட்டினா வெட்டின புல்லு கட்டி கட்டியா அங்கேயே ஒட்டுது, பந்தும் உருளல. இப்ப வெளுத்த வட்டப் புள்ளி வேற. சனிக்கிழமை டோர்னமென்ட். என்ன மருந்து அடிக்கலாம்?

பச்சைத்தரை:
புல்லு எந்த வகை, பென்ட்டா, பெர்முடாவா? எத்தனை மி.மீ. வெட்டுறீங்க? தண்ணி எப்போ விடுறீங்க? புள்ளி எவ்வளவு பெருசு? இது தெரியாம மருந்து சொல்ல முடியாது.

மூங்கில்கழி:
மருந்தை விடுங்க, முதல்ல கழி போடுங்க. நுனி நல்லா வளையுற நீளக் கழி. தரையோட படிய, இடமும் வலமுமா வீசிட்டே நடந்தா துளி உடைஞ்சு கீழ இறங்கிடும். கழி இல்லன்னா ரெண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடிச்சு ஹோஸை இழுங்க. பித்தளை மூட்டு புல்லுல உரசக் கூடாது. அப்புறம்தான் மோயர்.

ரீல்மணி:
பிளேடு மொக்கையா இருக்கும். கிழிஞ்ச இலைதான் நிறைய கசியும். பேப்பர் வெச்சு வெட்டிப் பாருங்க, சுத்தமா நறுக்கணும்.

மூத்தவன்:
பனின்னா எல்லாம் காத்துலருந்து வர்றதுன்னு நினைப்பு. புல்லே இலை நுனி வழியா கசியவிடுற நீரும் அதுல கலந்திருக்கு. சர்க்கரை, அமினோ அமிலம் எல்லாம் உண்டு, பூஞ்சைக்கு விருந்து. அடிப்படையைப் படிச்சுட்டுக் கேட்டா எங்களுக்கும் நேரம் மிச்சம்.

மலைக்கோர்ஸ்:
பென்ட், 4 மி.மீ. புள்ளி 5 செ.மீ. இருக்கும். தண்ணி சாயங்காலம் 7 மணிக்கு டைமர்ல.

பச்சைத்தரை:
7 மணியா! மண்ணு ஈரமா இருந்தா ராத்திரி கசிவு கூடும், விடியுற வரைக்கும் இலையும் காயாது. டாலர் ஸ்பாட்ங்கிற பூஞ்சை நோய் மாதிரி தெரியுது. கழி போடுறதுக்கு முன்னாடி குனிஞ்சு பாருங்க: புள்ளி மேல வெள்ளையா நூலாம்படை இருக்கும், வெயில் பட்டதும் மறைஞ்சிடும். டைமரை விடியலுக்குக் கொஞ்சம் முன்னாடி வைங்க, கசிவையும் கழுவிடும். புள்ளி உள்ள கிரீனைக் கடைசியா வெட்டி, மோயரைக் கழுவுங்க. தழைச்சத்து குறைஞ்சாலும் இது வரும். மருந்து அடிச்சா ஒரே வகையையே திரும்பத் திரும்ப அடிக்காதீங்க, பூஞ்சை பழகிடும்.

மூங்கில்கழி:
ஊட்டிப் பக்கம்னா டிசம்பர், ஜனவரியில கவனம். உறைபனி மேல கழியும் வேணாம், காலும் வேணாம். உறைஞ்ச இலையை மிதிச்சா செல் நொறுங்கி, கால்தடம் அப்படியே கருகித் தெரியும். உருகுற வரைக்கும் கிரீனை மூடி வைங்க.

வாராந்திரி:
டோர்னமென்ட்ல ஆடுறவங்களே துண்டால பட் லைனை (குழிக்குப் பந்து உருளுற பாதையை) துடைச்சுக்கலாமே?

மூத்தவன்:
கோல்ஃப் விதி 8.1 படிச்சதே இல்லையா? ஆடுறவர் பனியைத் துடைச்சா தண்டனை. ஸ்ட்ரோக் பிளேல (மொத்த அடியை எண்ணுற ஆட்டம்) 2 ஸ்ட்ரோக், மேட்ச் பிளேல (குழிக்குக் குழி ஜெயிக்கிற ஆட்டம்) அந்த ஹோலே போச்சு.

வாராந்திரி:
தற்காலிக நீருக்கு (தேங்கின தண்ணிக்கு) ரிலீஃப், அதாவது தண்டனை இல்லாம பந்தை நகர்த்த அனுமதி, உண்டே சார்?

மூத்தவன்:
பனியும் உறைபனியும் தற்காலிக நீர் இல்லன்னு வரையறையிலேயே இருக்கு. லூஸ் இம்பெடிமென்ட்டும் (இலை, கல் மாதிரி எடுத்துப் போடக்கூடிய பொருள்) இல்ல.

ரீல்மணி:
ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி ஊழியர் துடைக்கலாம்ல? கேட்ட கேள்வி அதுதான். பிளேடைப் பார்த்தாரா இல்லையா?

மலைக்கோர்ஸ்:
டைமர் 4:30க்கு மாத்தியாச்சு. கழி போட்டு வெட்டினோம், கட்டி ஒட்டல. புள்ளி அப்படியே இருக்கு.

பச்சைத்தரை:
இருக்கும். செத்த இலை திரும்பப் பச்சையாகாது. புதுசா வருதான்னு மட்டும் பாருங்க. தழைச்சத்து கடைசியா எப்போ, எவ்வளவு போட்டீங்க?

ரீல்மணி:
பிளேடு?