வெயில் ஏறினால் தங்கமீனுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?

கேள்வி:
60 லிட்டர் தொட்டியில் இரண்டு தங்கமீன்கள் வளர்க்கிறேன். காலையில் தண்ணீர் 22 டிகிரி இருக்கும்போது பெரிய மீனின் செவுள் மூடி நிமிடத்துக்கு 70 தடவை அசைகிறது. மதியம் 29 டிகிரியில் எண்ணினால் 110-ஐத் தாண்டுகிறது. நேற்று இரண்டும் மேல்மட்டத்திலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. பார்க்கவே மனசு பொறுக்கவில்லை. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பார்கள், அது மட்டும்தான் காரணமா? ஐஸ் கட்டி போடலாமா?

பதில் 1:
ஐஸ் மட்டும் போட்டுவிடாதீர்கள். சட்டென்று குளிர்ந்தால் மீன் தாங்காது.

ஆக்சிஜன் குறைவது உண்மைதான். 22 டிகிரியில் லிட்டருக்கு அதிகபட்சம் 8.7 மி.கி. கரையும், 29-இல் 7.7. எட்டில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. மூச்சோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறதே! மீதிக் காரணம் மீனின் உடம்பில் இருக்கிறது. தண்ணீர் சூடானால் மீனும் கூடவே சூடாகும். 10 டிகிரி ஏறினால் உடம்புக்குள் நடக்கும் வேலைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும், ஆக்சிஜன் தேவையும் அப்படியே ஏறும். தேவை கூடும் நேரம் பார்த்து வரத்து குறைகிறது. போதாததற்கு, ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினும் சூட்டில் ஆக்சிஜனை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது. தண்ணீர் காற்றைவிடப் பல நூறு மடங்கு கனமானது. அதைச் செவுள் வழியாகத் தள்ளுவதே பெரிய உழைப்பு, அதற்கும் ஆக்சிஜன் வேண்டும்.

ஃபில்டர் தண்ணீர் மேற்பரப்பைக் கலக்கி விழுகிற மாதிரி வையுங்கள். ஏர் பம்ப் குமிழிகூட முக்கியமாக உதவுவது அப்படித்தான். ஒரு கோடையில் சத்தம் என்று ராத்திரி பம்பை நிறுத்தினேன். விடிந்தபோது ஒரு மீன் போயிருந்தது. இன்னும் மறக்கவில்லை.

பதில் 2:
மீன் கழிவால் தண்ணீரில் சேரும் அம்மோனியாவையும் சோதியுங்கள். அது செவுளைக் கெடுத்தாலும் இதே அறிகுறிதான். காலையில் 70-க்கு இறங்கிவிடுவதால் என் முதல் சந்தேகம் வெப்பம்தான். மதியத் தீனியை நிறுத்துங்கள், செரிக்கவும் ஆக்சிஜன் செலவாகும். செடிகள் இருந்தால் ராத்திரி அவையும் பங்குக்கு வரும்.

கேட்டவர்:
அம்மோனியா இல்லை. ஃபில்டர் குழாயை மேலே தூக்கி வைத்தேன், தீனியைக் காலைக்கு மாற்றிவிட்டேன். இன்றும் 29 டிகிரிதான், எண்ணிக்கை 96. காலை அளவுக்கு இறங்கவில்லை, ஆனால் இரண்டும் அடியில் கூழாங்கல்லைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. அப்புறம், பம்பை ராத்திரியும் நிறுத்தப்போவதில்லை.