பால்புதுமை வழிக்கதை: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். நம் புத்தக அலமாரியில் ஒரு நாவல் வகைக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இது பதில்.

> ‘திரிபுக்கதை’ என்று வைத்தால் சுருக்கமாக இருக்குமே?

வேண்டாம் ஐயா. ஊரறிந்த தேவதைக் கதையை எடுத்து, பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் காதலிப்பதாக இளையோருக்கு எழுதும் நாவல்களுக்குத்தான் பெயர் தேடுகிறோம். அந்தக் காதலைத் திரிந்துபோனது என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை நோகடித்தது போதும். அலமாரியிலும் அதே சொல் அவர்கள் கண்ணில் பட வேண்டாம்.

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கக் கூடுவார்கள். மலிண்டா லோ 2009-இல் எழுதிய ‘ஆஷ்’ நாவலை எடுத்துப்போன பதினோராம் வகுப்பு மாணவி, பதிவேட்டில் ‘வகை’ என்ற கட்டத்தில் “சிண்ட்ரெல்லா, ஆனா வேற மாதிரி” என்று எழுதியிருந்தாள். கதை பழசு, போகும் வழி புதுசு. நம் சொல்லிலும் இரண்டும் வேண்டும்.

‘மறுகூறல்’ என்றால் சொன்னதையே திரும்பச் சொல்வதாகிவிடும். ‘தழுவல்’ நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போய்விட்டது. நான் முன்வைப்பது ‘வழிக்கதை’. முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து, பின்னோன் வேண்டும் விகற்பம் (வேறுபாடு) கூறுவது வழிநூல் என்கிறது நன்னூல். கம்பன் செய்தது இதுதானே! வால்மீகியில் வில் முறிவதற்கு முன் இராமனும் சீதையும் பார்த்துக்கொள்வதில்லை. “அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்” என்பது கம்பன் வேண்டிய விகற்பம். இங்கே கம்பன் விழாவில் அந்தப் பாட்டுக்குச் சபையே உருகும்; அதைத் திரிபு என்று யாரும் சொன்னதில்லை.

> இளவரசனைக் கட்டாமல் போனால் முடிபு மாறிவிட்டதே?

நல்ல கேள்வி. நாவலின் நாயகி ஆஷ் கடைசியில் சேர்வது அரசரின் வேட்டைத் தலைவி கைசாவோடு. ஆனால் சிண்ட்ரெல்லா கதையின் முடிபு இளவரசனா? தாயில்லாப் பெண் சிற்றன்னையின் பிடியிலிருந்து மீண்டு, தன்னை நேசிப்பவரோடு சேர்வதுதான் முடிபு. அது அப்படியே இருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-இல் வெளியிட்ட கதையில் உதவியது தேவதை. 1812-இல் கிரிம் சகோதரர்களிடம் அது அம்மாவின் கல்லறை மேல் வளர்ந்த மரமாகிவிட்டது. அப்போதும் அதைச் சிண்ட்ரெல்லா கதை என்றுதானே சொன்னார்கள்?

கலின் பெய்ரன் 2020-இல் எழுதிய ‘சிண்ட்ரெல்லா இஸ் டெட்’ அப்படியல்ல. சிண்ட்ரெல்லா இறந்து 200 ஆண்டுக்குப் பின் நடக்கிறது. அரச விருந்துக்குப் பெண்கள் போயே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்தக் கதையையே எதிர்த்து நிற்கும் நாவல் அது. அதற்கு, நன்னூல் வழிநூலுக்கு அடுத்துச் சொல்லும் சார்புநூலை ஒட்டி, ‘சார்புக்கதை’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

முன்னொட்டுக்குத் தேடி அலைய வேண்டாம். 2022-இல் தமிழ்நாடு அரசிதழில் வந்த சொற்பட்டியலில், தன்பாலினரைக் காதலிப்போர் உள்ளிட்டவர்களைக் குறிக்கும் ‘பால்புதுமையர்’ (queer) என்ற சொல் இருக்கிறது. ஆகவே ‘பால்புதுமை வழிக்கதை’. இளையோர் அலமாரியிலேயே இருப்பதால் ‘இளையோர்’ என்று சீட்டில் தனியாக வேண்டியதில்லை.

அப்புறம், ‘தேவதைக் கதை’ என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. அப்பத்தா சொன்ன ராஜா ராணிக் கதைகளில் தேவதையே வராது. அதைத் தனி இழையில் பேசுவோம். வரும் ஞாயிறு சீட்டு ஒட்டுகிறோம். மறுப்பிருந்தால் அதற்குள் எழுதுங்கள்.