கூகி வா தியாங்கோ ஜெயிலுக்குப் போனது எதுக்காக?

வியாசர்பாடி வாசகன்:
ஞாயித்துக்கிழமை பெரம்பூர் வாசகர் வட்டத்துல கென்யா எழுத்தாளர் கூகி பத்தி 20 நிமிஷம் பேசணும் தோழர்களே. 'பெட்டல்ஸ் ஆஃப் பிளட்' நாவலுக்காக 1977ல கைதானார்னு குறிப்புல இருக்கு. சரிதானா? வேற எதை எடுக்கலாம்?

கல்மண்டபம்:
அந்த வரியை அடிச்சிடுங்க தோழர். நிறைய பேர் வழுக்குற இடம். அந்த நாவலும் ஆட்சியைக் கிழிச்சுத் தொங்கவிட்டதுதான். ஆனா அதை விழாவுல வெளியிட்டதே அப்போ நிதியமைச்சரா இருந்த முவாய் கிபாகி! இங்கிலீஷ்ல இருந்த வரைக்கும் வம்பில்ல. அதே வருஷம் அக்டோபர்ல, லிமுரு பக்கத்துல கமிரீத்து கிராமத்துல, அவரோட தாய்மொழியான கிகூயுல 'ங்காஹிகா ந்தேண்டா' ('நினைச்சப்போ கல்யாணம் பண்ணிக்குவேன்') நாடகம் மேடை ஏறுச்சு. நடிச்சதெல்லாம் விவசாயிங்க, கூலித் தொழிலாளிங்க. ஆறே வாரத்துல நாடகத்தோட லைசன்ஸ் ரத்து. டிசம்பர் 31 கைது. கேஸ், விசாரணை எதுவும் கிடையாது, 1978 டிசம்பர் வரைக்கும் காமிட்டி சிறை. நாடகத்தைக் கூட எழுதினவர் பேரு கூகி வா மிரீ. ரெண்டு கூகியையும் ஒண்ணாக்கிடாதீங்க.

கொருக்குப்பேட்டை கேட்:
அவர் பேராசிரியரா இருந்ததைச் சொல்ல 1968 போதும். நைரோபி பல்கலைக்கழகத்துல இங்கிலீஷ் துறையையே எடுத்துடணும்னு தபான் லோ லியோங், ஹென்றி ஓவூர் அன்யும்பாவோட சேர்ந்து அறிக்கை குடுத்தார். ஷேக்ஸ்பியரே வேணாம்னார்னு மட்டும் பேசிடாதீங்க. வாய்மொழிப் பாட்டு, கதை உட்பட ஆப்பிரிக்க இலக்கியம் நடுவுல, மத்தது அதைச் சுத்தின்னுதான் கேட்டாங்க. 1982க்கு அப்புறம் நாடு கடந்த வாழ்க்கை. யேல், நியூயார்க், கடைசியா கலிஃபோர்னியா இர்வைன் பல்கலைக்கழகங்கள்ல பாடம் நடத்தினார். இதெல்லாம் ஒரு வரி. பழைய பதிப்பு தேடினா அட்டையில 'ஜேம்ஸ் கூகி'ன்னு இருக்கும், அதுவும் இவர்தான், குழம்பாதீங்க.

தண்டையார்பேட்டை அக்கா:
தம்பி, ஜெயில்ல குடுத்த டாய்லெட் பேப்பர் பத்தி சொல்லாம விட்றாத. சொரசொரன்னு இருக்கும், உடம்புக்கு ஆகாது, பேனாவுக்கு நல்லாவே ஆச்சு. அதுல எழுதின கிகூயு நாவல்தான் தமிழ்ல 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'. 1980ல வந்ததும் பார்ல சத்தமா படிச்சாங்க. படிக்கிறவர் சுவாரசியமான கட்டத்துல நிறுத்திடுவார், காலி கிளாஸ் ரொம்பினாதான் அடுத்த பக்கம். டீக்கடையில பேப்பர் படிக்கக் கேட்ட நம்ம ஆளுங்களுக்கு இது சட்டுனு புரியும்.

வியாசர்பாடி வாசகன்:
நன்றி அக்கா. அப்போ நாடகமும் ஜெயிலும் 12 நிமிஷம். 'மட்டிகாரி' சேர்க்கவா?

கல்மண்டபம்:
கடைசி மூணு நிமிஷத்துக்கு வைங்க. 1986 நாவல். மட்டிகாரின்னு ஒருத்தன் நியாயம் கேட்டு ஊர் ஊரா அலையிறான்னு ஜனங்க பேசுறதைக் கேட்டு, அவனைப் பிடிக்கச் சொல்லி அரசாங்கத்துல உத்தரவு போட்டாங்க. அவன் கதையில வர்ற ஆளுன்னு தெரிஞ்சதும், கடை கடையா போய் புத்தகத்தை அள்ளிட்டுப் போயிட்டாங்க.