தொப்பி போட்ட பிறகும் முளை வளைகிறதே, எங்கே தப்பு?

விதைப்பெட்டி:

பள்ளியோடு தாவரவியலுக்குக் கும்பிடு போட்டவன் நான். இப்போது ஏழு வயது மகளால் மறுபடி மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஜன்னலோரம் வைத்த பாசிப்பயறு முளைகள் எல்லாம் வெளிச்சத்தின் பக்கமே சாய்வதைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கண்ணு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டாள். கண்ணெல்லாம் கிடையாதும்மா, ஆக்சின் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது என்றேன். "அந்த ஆக்சினுக்குக் கண்ணு இருக்கா?" என்றாள். அதோடு என் கையிருப்பு தீர்ந்தது.

டார்வின் சோதனையின் படம் லேசாக நினைவிருந்தது. முளையின் நுனிக்குத் தொப்பி போட்டால் அது வளையாமல் நேராக நிற்கும் என்று. சரி, செய்தே பார்ப்போம் என்று ஓர் அட்டைப்பெட்டியில் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, உள்ளே பத்து முளைகளை வைத்தோம். ஐந்துக்கு அலுமினியத் தாளில் குட்டித் தொப்பி. மறுநாள் காலை திறந்தால் பத்தும் ஓட்டையைப் பார்த்து வளைந்து நிற்கின்றன. தொப்பியோடு! "புத்தகம் பொய்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள்.

எங்கே தப்பு செய்தோம்? அவளிடம் இதை எப்படிச் சொல்வது? அப்புறம் இன்னொன்று: ஆக்சினை முதலில் மனித மூத்திரத்திலிருந்துதான் எடுத்தார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். கேலி செய்கிறாரா, உண்மையா?

பழைய ஆய்வகம்:

புத்தகம் பொய் இல்லை, உங்கள் மகளும் தப்பாகச் சொல்லவில்லை. நீங்கள்தான் ஆளை மாற்றி உட்கார வைத்துவிட்டீர்கள்.

டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் தொப்பி போட்டது பயறுக்கு அல்ல, புல் முளைகளுக்கு. 1880-இல் வந்த அவர்கள் நூலில் கேனரிப் புல்லும் ஓட்ஸும்தான் முக்கிய நடிகர்கள். புல் இனத்தில் முதல் இலையைச் சுற்றி வெள்ளையாக ஓர் உறை வரும், முளைக்குருத்து உறை என்பார்கள். ஊசி மாதிரி நேராக நிற்கும். அதில் வெளிச்சத்தை உணரும் வேலையைப் பெரும்பாலும் நுனிதான் பார்க்கிறது. வளைவது அதற்குக் கீழே. நுனியை மூடினால் கீழே சேதி போகாது. பயறு இருவித்திலை, அதாவது விதை இரண்டு பருப்பாகப் பிளக்கும் இனம். அதன் இளந்தண்டே வெளிச்சத்தை உணரும். உச்சியில் தொப்பி மாட்டிவிட்டுத் தண்டை அம்மணமாக விட்டால் அது வளையத்தான் செய்யும்.

இருபத்தாறு வருடம் இருட்டறையில் ஓட்ஸ் முளைகளோடு காலம் தள்ளியவன் சொல்கிறேன், இப்படிச் செய்யுங்கள். ஓட்ஸோ மக்காச்சோளமோ எடுத்துக்கொள்ளுங்கள். உமி நீக்காத, முளைக்கக்கூடிய விதையாக இருக்க வேண்டும். இரவு முழுக்க ஊற வைத்து, ஈரத்தாளில் முளை காட்டியதும் மண்ணில் நட்டு, முழு இருட்டில் வையுங்கள். உறை இரண்டு சென்டிமீட்டர் உயரம் வந்ததும் வேலையை ஆரம்பியுங்கள். உறையைக் கிழித்துக்கொண்டு பச்சை இலை எட்டிப் பார்த்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, அந்த முளையை ஒதுக்கிவிடுங்கள். தொப்பியை ஒரு மெல்லிய கம்பியில் சுற்றி உருவி எடுங்கள். நுனியில் அரை சென்டிமீட்டர் மறைந்தால் போதும். எடை கூடினால் முளை அதனாலேயே சாயும்; நீங்கள் அதை வளைவு என்று எண்ணிவிடுவீர்கள். இதற்காகவே சிலவற்றுக்குக் கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் தொப்பி போடுங்கள். தொப்பியின் பாரமா, இருட்டா என்று அதுதான் சொல்லும். இருட்டில் வேலை செய்யச் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளலாம். வளையத் தூண்டுவது நீல வெளிச்சம்தான்.

மகளின் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. நீல ஒளியைப் பிடிக்கும் ஒரு புரதம் இருக்கிறது, ஃபோட்டோட்ரோபின் என்று பெயர். அது உசுப்பிவிட, ஆக்சின் நிழல் பக்கமாக ஒதுங்குகிறது. நிழல் பக்கத்துச் செல்கள் தம் சுவரை இளக்கிக்கொண்டு நீள்கின்றன. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நீளாவிட்டால் வளையாமல் என்ன செய்யும்? ஆக்சினுக்குக் கண் இல்லை. கண் மாதிரி ஒன்று முளையில் இருக்கிறது, ஆக்சின் அதன் தபால்காரர்.

சந்தேகி:

நிழல் பக்கம் ஒதுங்குகிறது என்கிறீர்கள். வெளிச்சம் பட்ட பக்கத்து ஆக்சின் அழிந்துபோகிறது என்றல்லவா நாங்கள் படித்தோம்?

பழைய ஆய்வகம்:

அந்தச் சண்டை வெகுகாலம் ஓடியது. 1957-இல் வின்ஸ்லோ பிரிக்ஸ் என்ற தாவரவியலாளரும் கூட்டாளிகளும் மக்காச்சோள முளை நுனிகளை அகர் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லி) துண்டுகள் மேல் வைத்து, கீழே இறங்கிய ஆக்சினை அளந்தார்கள். இருட்டில் இருந்ததற்கும் வெளிச்சம் பட்டதற்கும் மொத்த அளவு ஒன்றே. அழிந்திருந்தால் குறைந்திருக்க வேண்டும். அப்புறம் நுனியை நடுவே மெல்லிய கண்ணாடியால் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் சமமாகவே வந்தது. தடுப்பு இல்லாதபோது நிழல் பக்கம் கூடுதல். நகர்கிறது, அழியவில்லை. கண்ணாடித் துண்டை அந்த இத்தனூண்டு நுனியில் செருகுவதற்குள் பிராணன் போய்விடும், நான் முயன்றிருக்கிறேன்.

மழலைமனம்:

சிறு பிள்ளைகளோடு ஆய்வு செய்பவள் நான். முளை விஷயத்தில் ஐயா சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஆனால் "கண்ணு எங்க இருக்கு" என்ற கேள்வியைத் திருத்த வேண்டிய பிழையாகப் பார்க்காதீர்கள்.

நகர்வதற்கு எல்லாம் உயிர் உண்டு என்று சிறுவர்கள் நினைப்பதை 1920-களிலேயே பியாஜே என்ற குழந்தை உளவியலாளர் எழுதிவைத்தார். சூரியனுக்கு உயிர் உண்டு, மேகத்துக்கு உண்டு, சைக்கிளுக்கும் உண்டு. அதே பிள்ளையிடம் செடியைக் காட்டினால் பல நேரம் உதட்டைப் பிதுக்கும், ஏனென்றால் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. 2004-இல் ஓப்ஃபர், சீக்லர் என்ற இருவர் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். செடியும் விலங்கு மாதிரியே தனக்கு வேண்டியதை நோக்கி நகரும், வெளிச்சம் பக்கம், தண்ணீர் பக்கம் போகும் என்று தெரிந்துகொண்ட பிள்ளைகள், செடிக்கும் உயிர் உண்டு என்ற முடிவுக்குத் தாமாகவே வந்தார்கள். செடி வளரும், தண்ணீர் குடிக்கும் என்று சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்தது. உங்கள் மகள் ஜன்னலோரம் கண்டது அதே விஷயம்தான். எதையோ தேடிப் போகும் ஒன்றுக்குக் கண் இருக்க வேண்டும் என்பது நல்ல தர்க்கம்.

"ஆக்சின்" என்றதும் அவள் அதற்கும் கண் கேட்டாளே, சரியாகத்தான் கேட்டாள். நீங்கள் ஒரு பெயரைக் கொடுத்தீர்கள், அவள் கேட்டதோ காரணத்தை.

ஒரே ஒரு வேண்டுகோள். பயறுக்குப் பதில் ஓட்ஸ் ஏன் என்பதை அவளிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். இரண்டையும் அருகருகே வையுங்கள். பெட்டியைத் திறக்கும் முன் எது எப்படி நிற்கும் என்று அவளைப் படம் வரையச் சொல்லுங்கள். வரைந்துவிட்டால், நான் அப்பவே நினைச்சேன் என்று பிறகு தப்பிக்க முடியாது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும், நீங்களும் ஒன்று வரையுங்கள்.

நொதிக்காரி:

மூத்திர விஷயம் கேலி இல்லை, உங்கள் நண்பர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை.

1926-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் ஓட்ஸ் நுனிகளை வெட்டி அகர் மேல் வைத்தார். பிறகு அந்த அகர் துண்டை மட்டும் நுனி இழந்த முளையின் ஒரு ஓரத்தில் வைத்தார். இருட்டிலேயே முளை மறுபக்கம் வளைந்தது. ஆக, ஏதோ ஒரு பொருள் இறங்குகிறது என்பது உறுதி. ஆனால் நுனியில் இருப்பதோ துளியினும் துளி, பிரித்தெடுத்துப் பார்க்கப் போதாது. அதே ஊரில் கோகல் என்ற வேதியியலாளர் வேறு எங்கே அதிகம் கிடைக்கும் என்று தேடி, வளைவுச் சோதனையில் மனிதச் சிறுநீர் அசத்துவதைக் கண்டார். 1934-இல் அவர் குழு அதிலிருந்து பிரித்ததுதான் இண்டோல் அசிட்டிக் அமிலம். இன்று ஆக்சின் என்றாலே முதலில் அதுதான்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அதற்கு முன்பே அதே குழு 'ஆக்சின் அ', 'ஆக்சின் ஆ' என்று இரண்டைக் கண்டுபிடித்ததாக அறிவித்திருந்தது. வேறு யார் கைக்கும் அவை அகப்படவே இல்லை. பத்திரப்படுத்தியிருந்த பழைய மாதிரிகளை 1966-இல் நிறைநிறமாலையில் (மூலக்கூறின் எடையை வைத்துப் பொருளை அடையாளம் காணும் கருவி) போட்டுப் பார்த்தபோது, உள்ளே இருந்தவை அறிவித்த பொருள்களே அல்ல.

சரி, செடி ஹார்மோன் நம் சிறுநீரில் ஏன்? எல்லாம் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தின் திருவிளையாடல். செடி அதிலிருந்து ஆக்சின் செய்கிறது. விலங்கு உடல் அதே டிரிப்டோஃபானிலிருந்து செரோட்டோனின் செய்கிறது, அதிலிருந்து மெலடோனின். குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் டிரிப்டோஃபானைக் கடித்து இண்டோல் அசிட்டிக் அமிலமாக்கும். அது ரத்தம் வழியாகச் சிறுநீருக்குப் போகிறது. செடியில் இந்த மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் புரதம் டிஐஆர்1 என்பது 2005-இல் உறுதியானது. நம்மிடம் அது கிடையாது, அதனால் ஜன்னல் பக்கம் நாம் வளைவதில்லை. அதற்காக நமக்கு அது வெறும் தண்ணீர் என்றும் சொல்ல மாட்டேன். சிறுநீரகம் பழுதானவர்கள் ரத்தத்தில் தேங்கிக் கேடு செய்யும் பொருள்களில் இதுவும் ஒன்று.

விதைப்பெட்டி:

பத்து நாள் கழித்து வருகிறேன். ஐயா, அக்கா, எல்லாருக்கும் நன்றி.

ஓட்ஸ் பன்னிரண்டு நட்டோம், எட்டுதான் முளைத்தது. மூன்றுக்கு அலுமினியத் தொப்பி, மூன்றுக்குப் பிளாஸ்டிக், இரண்டு வெறுந்தலை. பக்கத்தில் பழைய பயறுக் கோஷ்டி. நான் வரைந்த படத்தில் அலுமினியத் தொப்பி மூன்றும் நேர். அவள் இரண்டை நேராகவும் ஒன்றை வளைவாகவும் வரைந்தாள். ஏன் என்றால், "ஒண்ணாவது சொல் பேச்சு கேக்காது" என்றாள். திறந்தால் அப்படியே! இரண்டு நேர், ஒன்று வளைவு. அவளே அந்தத் தொப்பியைக் கழற்றி விளக்குக்கு எதிரே பிடித்தாள், மடிப்பில் குண்டூசி முனை அளவு கிழிசல். அந்த முளையைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம். பிளாஸ்டிக் மூன்றும், வெறுந்தலை இரண்டும் வளைந்துவிட்டன. பயறு வழக்கம்போல.

நொதிக்காரி எழுதியதை நான் சத்தமாகப் படித்தது தப்பாகிவிட்டது. பயறு தொட்டியில் மூத்திரம் விட்டால் இன்னும் வேகமாக வளையுமா என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

பழைய ஆய்வகம்:

வளையாது, கருகும். யூரியாவும் உப்பும் இளவேரைத் தீய்த்துவிடும். போதாக்குறைக்கு, தண்டை நீட்டும் அளவு ஆக்சின் வேருக்குப் போனால் வேர் வளர்ச்சி நின்றே போகும். கோகல் பல லிட்டரைக் காய்ச்சி வடித்துத்தான் கொஞ்சம் எடுத்தார்.

கிழிந்த தொப்பி முளையைக் கணக்கில் சேருங்கள், பக்கத்தில் "கிழிசல்" என்று எழுதி. கையோடு, வேண்டுமென்றே குண்டூசியால் ஓட்டை போட்ட தொப்பிகள் நாலைந்து செய்து அடுத்த முறை மாட்டச் சொல்லுங்கள்.